பழைய புல்லட்டின் பின் ஷாக்: மாற்றுவதா, பிரிப்பதா?

உங்கள் கேள்வி நான் புரிந்துகொண்ட வரையில் இது. அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் நாலைந்து தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. பின்னால் ஆள் ஏறினால் சின்னப் பள்ளத்துக்கே ‘டங்’கென்று அடிக்கிறது. இடது ஷாக்கின் கீழ்ப்பாதி முழுக்க ஆயில். மெக்கானிக் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஆயிலோடு அழுத்தத்தில் வாயுவும் அடைத்த கேஸ் ஷாக் மாட்டச் சொல்கிறார். உங்களுக்குப் பழசையே சரிசெய்து ஓட்ட ஆசை. முடியுமா?

உங்களிடம் இருப்பது பிரிக்கக்கூடிய ஷாக்காக இருந்தால் முடியும். அது எப்படித் தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்க்காமல் ஸ்பானரை எடுத்தால் காசும் போகும், ஆட்டமும் போகாது.

ஷாக் அப்சார்பர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு சாமான்களின் ஜோடி. வெளியே ஸ்பிரிங், உள்ளே ஆயில் நிரம்பிய ஒரு குழாய். வண்டியையும் ஆளையும் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எகிறும்போது அதைப் பிடித்து அடக்குவது ஆயில். குழாய்க்குள் ஒரு ராடு, அதன் நுனியில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வும். ராடு மேலும் கீழும் போகும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகத் திணறிக்கொண்டு போக வேண்டும். அந்தத் திணறல்தான் ஆட்டத்தைத் தின்கிறது, தின்றதைச் சூடாக வெளியே விடுகிறது. மோசமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நல்ல ஷாக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆக, நாலைந்து தடவை ஆடுவது ஆயில் பக்கத்துக் கோளாறு. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்கிறது, அதைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. பின்னால் ஆள் ஏறியதும் கடைசி வரை போய் இடிப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் பக்கத்துக் கோளாறு. நாற்பது வருஷத்தில் ஸ்பிரிங் தளர்ந்து உயரம் குறைந்திருக்கும். தெருவோரப் பட்டறைகளில் இந்த இரண்டுக்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார்கள்: ஸ்பிரிங்கை இறுக்கிவிடுவது, இல்லையென்றால் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகுவது. இடிப்பது நிற்கும், ஆட்டம் அதிகமாகும். இறுகிய ஸ்பிரிங் இன்னும் வேகமாகத் திருப்பி அடிக்கும், அடக்கவோ உள்ளே ஆயில் இல்லை. வளைவில் அந்த வண்டியைச் சாய்த்தவர்களுக்குத்தான் தெரியும் வயிற்றைக் கலக்குவது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. புல்லட்டுக்குப் பின் ஷாக் என்பது சாதாரண உதிரிப் பாகம் இல்லை, அந்த வண்டி பேர் வாங்கியதே அதனால்தான். 1948-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு இதன் முன்மாதிரியைப் போட்டி வண்டியாக இறக்கியபோது, பின்சக்கரத்தை ஸ்விங் ஆர்மில், அதாவது மேலும் கீழும் ஆடும் இரும்புக் கையில் மாட்டி இரண்டு பக்கமும் ஆயில் ஷாக் வைத்திருந்தார்கள். பின்பக்கம் அசையாமல் இருந்தால்தான் டயர் மண்ணைக் கவ்வும் என்று மேடு பள்ளப் போட்டிக்காரர்கள் நம்பிய காலம் அது. ஆடுகிற பின்சக்கரத்தை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1949-ல் வண்டி விற்பனைக்கு வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, பிறகு திருவொற்றியூரில் தயாரானபோதும் அந்தப் பின்பக்க அமைப்பின் அடிப்படை மாறவில்லை. உங்கள் அப்பா வண்டியில் இருப்பதும் அதே வம்சம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புல்லட்டில் பின் சங்கிலி இடது பக்கம் ஓடுகிறது. சங்கிலிக்குப் போட்ட ஆயிலும் கிரீஸும் தெறித்து இடது ஷாக்கில் ஒட்டி, அதன் மேல் மண் பிடித்து, பார்ப்பவர்கள் ஷாக் லீக் என்று முடிவு கட்டிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் துப்புவதும் சில வண்டிகளில் அந்தப் பக்கம் வந்து சேரும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஈரம் மேலே, ராடு உள்ளே நுழைகிற இடத்திலிருந்து கீழே வழிந்திருந்தால் ஷாக்கின் சீல், அதாவது ராடைச் சுற்றி ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம் போய்விட்டது. உடம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் அது சங்கிலியின் கைங்கரியம். ராடில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது தப்பே இல்லை, சீல் காயாமல் இருக்க அது வேண்டும். சொட்டுவதுதான் தப்பு. அந்தச் சொட்டு டயரிலோ பிரேக் டிரம்மிலோ இறங்கினால் ஷாக்கைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது, ஆகவே கசிவு உறுதியானால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தின் பின்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். கடகடவென்று ஆடினால், இன்னொருவரை ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறது. அங்கே அசைவில்லாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். இந்த இரண்டில் எது போயிருந்தாலும் வண்டி வாலை ஆட்டும். பழி மட்டும் ஷாக் தலையில் விழும். அப்புறம் சக்கரத்தைக் கையால் மேலே தூக்கித் தூக்கி விடுங்கள். ‘டக் டக்’ என்று உலோகச் சத்தம் வந்தால் ஷாக்கின் கண்ணில், அதாவது வண்டியோடு மாட்டும் முனை வளையத்தில் உள்ள ரப்பர் புஷ் கரைந்துவிட்டது. ரோட்டில் நமக்குக் கேட்கிற சத்தத்தில் பாதி இந்தச் சின்ன ரப்பர்தான். விலை மிகக் குறைவு, மாற்றினால் வரும் நிம்மதி பெரிது.

கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஷாக்கை மட்டும் எடுங்கள். மற்றது ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொள்ளும். நட்டுகள் துருவில் இறுகியிருந்தால் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மேலேயும் கீழேயும் எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாஷர்களோடு சீட்டாடியிருக்கிறேன்.

இப்போது அந்த முக்கியமான கேள்வி: பிரிக்கக்கூடியதா? கவரையும் ஸ்பிரிங்கையும் எடுத்த பிறகு, ராடு நுழைகிற வாய்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஸ்பானரோ கொக்கி ஸ்பானரோ பிடிக்க வசதியாகப் பள்ளமோ துளையோ உள்ள மூடி மரையில் திருகியிருந்தால், அல்லது உள்ளே சர்க்லிப் என்கிற வளையப் பூட்டு தெரிந்தால், அது பிரித்து மூடத்தான் செய்யப்பட்டது. குழாயின் விளிம்பையே உள்பக்கம் மடக்கி அடைத்திருந்தால் அது பிரிப்பதற்கில்லை. நாற்பது வருஷத்தில் உங்கள் வண்டிக்கு எத்தனை ஜோடி மாறியிருக்கிறதோ, ஆகவே மாடலை வைத்து முடிவு செய்யாமல் கண்ணால் பாருங்கள். மடக்கி அடைத்த ஷாக்கில் ஓட்டை போட்டு ஆயில் ஊற்றி வெல்டு வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதுவும் கேஸ் ஷாக்காக இருந்தால் உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். அதில் டிரில்லோ நெருப்போ வைப்பது உயிரோடு விளையாடுவது.

ஸ்பிரிங்கை எடுக்கும்போதும் ஜாக்கிரதை. அது அமுங்கிய நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கம்பிரசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது உள்ள பட்டறையில் கொடுத்து அந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கையால் அமுக்கி, மூன்றாமவர் பூட்டை உருவுகிற முறை எல்லா ஊரிலும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அதில் முன்பல் போனது.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று மற்றதை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவு குட்டையாக இருந்தாலோ, சுருளில் துரு பள்ளம் விழுந்திருந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். துருப் பள்ளத்திலிருந்துதான் ஸ்பிரிங் உடையும். உங்கள் வண்டி இரட்டை சவாரியில் இடிப்பதால், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தாலும் கடையில் புது ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இனி ஸ்பிரிங் இல்லாத வெறும் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து ராடை மெதுவாக அமுக்கி இழுங்கள். நல்ல ஷாக் அமுக்கும்போது கொஞ்சம், இழுக்கும்போது அதைவிடக் கூடுதலாக எதிர்க்கும். ஏனென்றால் இழுப்பில்தான் ஸ்பிரிங்கின் எகிறலை அடக்க வேண்டியிருக்கிறது. இடையில் எங்காவது ‘சொடக்’கென்று வெறுமையாக வழுக்கினால் ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. ஆரம்பம் முதல் கடைசி வரை சைக்கிள் பம்ப் மாதிரி போய் வந்தால் ஆயிலே இல்லை, அல்லது வால்வு செத்துவிட்டது. ஒரு விஷயம்: படுக்கையில் கிடந்த ஷாக்கில் காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்தி எட்டுப் பத்துத் தடவை அடித்துவிட்டுத்தான் தீர்ப்பு எழுத வேண்டும். கடையில் வாங்கிய புது ஷாக்குக்கும் இது பொருந்தும்.

பிரித்தபின் எல்லாவற்றையும்விட முக்கியம் ராடு. சீல் புதுசாக வாங்கிவிடலாம், ராடு கெட்டிருந்தால் அந்தப் புது சீல் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ராடின் நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே துருப்புள்ளி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். அந்தப் புள்ளி ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீலின் உதட்டை அரம் போல ராவுகிறது. எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், குரோம் போய்ப் புண் பெரிதாகும். பழைய குரோமை எடுத்து, ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங்கில் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹைட்ராலிக் ஜாக் பழுது பார்ப்பவர்கள் அந்த வேலையை எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டால் வழி கிடைத்துவிடும். ராடு வளைந்திருந்தால் மட்டும் அந்த ஷாக்கை மறந்துவிடுங்கள்.

ராடு ஏன் இப்படிக் கெடுகிறது? பழைய புல்லட் ஷாக்குக்கு மேலேயும் கீழேயும் தகரக் கவர் உண்டு. சேறும் மணலும் ராடில் ஒட்டக்கூடாது என்பதற்காகப் போட்டது. ஸ்பிரிங் பளபளவென்று வெளியே தெரிய வேண்டும் என்று அதைக் கழற்றி வீசுவது ஒரு மோஸ்தராகிவிட்டது. கடற்கரை ஊரில் அப்படி ஓட்டிய வண்டியின் ராடைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும். உங்கள் வண்டியில் கவர் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

சீல் வாங்கும்போது பழைய சீலையே எடுத்துப் போங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் அதன் முதுகில் இருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து, சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊரில் பேரிங், ஆயில் சீல் விற்கிற கடையிலோ கேட்டால் போதும். வண்டிப் பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாட்டும்போது ராடின் மரைப் பகுதியில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் ஆயில் தடவிச் சீலை இறக்குங்கள். மரையின் கூர்மை சீலின் உதட்டைக் கீறிவிட்டால் இவ்வளவு வேலையும் வீண். ராடை எக்காரணம் கொண்டும் பிளையரில் பிடிக்காதீர்கள்.

இனி ஆயில். இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் என் வண்டியின் ஷாக்கை ஒரு பட்டறையில் கொடுத்தேன். ‘கெட்டியா இருந்தா நல்லா தாங்கும்’ என்று என்ஜின் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். முதல் நாள் பிரமாதம், ஆட்டமே இல்லை. அடுத்த வாரம் வரிசையாகப் பள்ளம் உள்ள ரோட்டில் போனபோதுதான் தெரிந்தது. ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஷாக் அந்தக் கெட்டி ஆயிலில் திரும்பி எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது. நாலு பள்ளத்தில் முழுக்க அமுங்கி, ஐந்தாவதில் இரும்புக் கட்டை மேல் உட்கார்ந்த மாதிரி இடுப்பில் இறங்கியது. 40 டிகிரி செல்சியஸில் பார்த்தால் 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில், ஷாக் ஆயில் போல மெல்லியதான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைவிட (ஏ.டி.எஃப்.) மூன்று நான்கு மடங்கு கெட்டி. ஷாக்கின் துளைகள் அந்தக் கெட்டிக்குப் போட்டவை அல்ல. முன்சக்கர ஃபோர்க்குக்கு என்று விற்கிற ஃபோர்க் ஆயிலை வாங்கி ஊற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவும் தரமும் போட்டிருந்தால் அதுதான் சட்டம். இல்லாவிட்டால் நடுத்தரமான ஒன்றில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஒரு படி ஏற்றலாம். ஃபோர்க் ஆயில் டப்பாவில் உள்ள 10, 20 என்ற எண் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றாக இருப்பதில்லை, ஆகவே இரண்டு ஷாக்குக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? கசியாத வலது ஷாக்கை முதலில் பிரித்து, அதிலிருந்து வந்த ஆயிலை மருந்து அளக்கும் சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். சுவரில் ஒட்டி நிற்பதைச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். ராடு உள்ளே வரும்போது அதன் பருமனுக்குச் சமமான இடம் வேண்டும். 12 மில்லிமீட்டர் ராடு 75 மில்லிமீட்டர் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது மட்டுமே சுமார் 8.5 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆயில் சுருங்காது. காற்றுக்கு இடம் விடாவிட்டால் முதல் பெரிய பள்ளத்திலேயே புது சீலைத் துப்பிவிடும். பழைய ஷாக்குகளில் குழாய்க்குள் குழாய் இருக்கும். உள் குழாய் நிரம்பியிருக்க வேண்டும், வெளிக்குழாயின் மேல்பகுதி காற்றுக்கு. நிரப்பி, நிமிர்த்தி வைத்தபடி மெதுவாகப் பத்துத் தடவை அடித்து, எதிர்ப்பு ஒரே சீராக வந்ததும் மூடுங்கள். ராத்திரி முழுக்க நாளிதழ்த் தாள் மேல் படுக்க வையுங்கள். காலையில் தாளில் கறை இல்லாவிட்டால் ஸ்பிரிங்கைப் போடலாம்.

ஒரு பக்கம் மட்டும் சரிசெய்து மாட்டுவது கூடாது. ஒன்று அடக்கி மற்றது அடக்காவிட்டால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி நெளியும். இரண்டையும் ஒரே வேகத்தில் அமுக்கி இழுத்து, கைக்கு ஒன்று போலத் தோன்றும் வரை விடாதீர்கள். கீழே ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் படிகள் இருந்தால் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும். தனியாக ஓட்டும்போது கீழ்ப்படி போதும், பின்னால் ஆள் ஏறினால் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் படி ஸ்பிரிங்கைத்தான் மாற்றுகிறது, ஆயிலை அல்ல.

ரப்பர் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி, பெஞ்ச் வைஸில் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். நட்டுகளை முதலில் கையளவு முடுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் உட்கார்ந்த நிலையில் கடைசி இறுக்கம் கொடுங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

உங்கள் மெக்கானிக் சொன்ன கேஸ் ஷாக்? தப்பான யோசனை இல்லை. மூடி மடக்கி அடைத்ததாக இருந்தால் அதுதான் வழி. அதிலும் அடக்குவது ஆயில்தான். கேஸ் அந்த ஆயில் நுரை தட்டாமல் அழுத்திப் பிடிக்கிறது, வண்டியைத் தாங்குவதற்கு அல்ல. வாங்கும்போது ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை பழைய ஷாக்கின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். நீளம் கூடினால் பின்பக்கம் தூக்கி, சங்கிலித் தொய்வும் சென்டர் ஸ்டாண்டு நிற்கும் விதமும் மாறிவிடும். மாட்டியதும் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் அமுக்கி, ஷாக் சங்கிலிக் கவரிலும் மட்கார்டிலும் உரசாமல் போகிறதா என்று பாருங்கள். பழைய ஜோடியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாமல் துணி சுற்றி நிமிர்த்தி வையுங்கள், ராடு நல்ல நிலையில் இருந்தால் என்றைக்காவது பிரிக்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பார்.

எதை மாட்டினாலும் 50 கிலோமீட்டர் ஓடியபின் நாலு நட்டையும் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். பிறகு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். அமுங்கி, எழுந்து, ஒரே தடவையில் அடங்க வேண்டும். இரண்டாவது தடவை லேசாக அசைந்தால் பரவாயில்லை. மூன்றாவதும் அசைந்தால் மேலே சொன்ன காற்றும் ஆயில் அளவும்தான், மறுபடி பிரியுங்கள்.